முப்பத்தொன்று வடக்கே, பன்னிரண்டு கிழக்கே

போன மாதம் வேங்கிக்கால் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது கலைச்செல்வி, நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர். இப்போதெல்லாம் செல்போன் செயலியே எல்லாம் செய்துவிடுகிறது. பயிர் அறுவடைச் சோதனைக்கு எந்த ஊர், எந்த வயல், வயலுக்குள் எந்த இடம் என்று அதுவே சொல்கிறது. அங்கே போய் நின்றால்தான் படம் எடுக்க விடும்.

"சார், இன்னிக்கு ஒரு கெணத்து மேல போய் நிக்கச் சொல்லுது. நீங்க இருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"வேற நம்பர் எடுத்திருப்பேம்மா."

"கெணறுன்னா சரி சார். கல்லுன்னா? புதருன்னா? எதுக்கு வேற எடுக்கலாம், எதுக்கு எடுக்கக் கூடாதுன்னு யாரு முடிவு பண்றது?"

விதிப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். கலைச்செல்வி நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. பல வருடமாக மூட்டை கட்டி வைத்திருந்த விஷயம் ஒன்று அவிழ்ந்துகொண்டது. எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன். தெளியும் என்று உறுதி சொல்ல முடியாது.

நான் பார்த்த வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது. 'மல்லாட்டை நிறுக்கிற சார்' என்பார்கள். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மாவட்டத்தில் எவ்வளவு விளைந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். எல்லா வயலையும் அறுத்து நிறுக்க முடியாது. அதனால் சில ஊர், அதில் சில வயல், ஒவ்வொரு வயலிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு கட்டம் மட்டும் அறுத்து நிறுத்து, அதிலிருந்து மொத்தத்தையும் கணக்கிடுவோம். கட்டம் எங்கே விழ வேண்டும் என்பதை ஒரு எண் புத்தகம்தான் சொல்லும், நாங்கள் இல்லை. பயிர்க் காப்பீடும் இதில்தான் நின்றது. ஒருவருடைய வயல் காய்ந்தது என்று அவருக்குத் தனியாக இழப்பீடு கிடையாது. ஊரில் நான்கு கட்டம் அறுப்போம். நான்கின் சராசரி ஒரு கோட்டுக்குக் கீழே போனால் ஊருக்கே கிடைக்கும். மேலே நின்றால் யாருக்கும் இல்லை.

பயிற்சி மூன்று மாதம். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. வேலையை நான் வயலில்தான் படித்தேன், அதுவும் தணிகாசலம் சாரிடம் மாட்டிக்கொண்டு.

தணிகாசலம் எங்கள் உதவி இயக்குநர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டேப் இருக்கும். யாரையும் திட்டியதில்லை, திட்டினால் தேவலை என்றிருக்கும். ஒரு கேள்வி கேட்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே காத்திருப்பார். பதில் வருகிறவரை துடைப்பு நிற்காது. டீக்கடையில் யாராவது "இந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்றால்கூட விடமாட்டார். "எங்க ஜாஸ்தி? எத்தன நாளு நனைஞ்சீங்க?" என்பார். அவர் வந்தால் டீக்கடையில் பேச்சு வானிலையிலிருந்து சினிமாவுக்கு மாறிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நான் நிரப்பிய படிவங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"உன் கட்டம் ஒண்ணு கூட மோசமான எடத்துல விழலியே, எப்டி?"

நான் பொய் எடை எழுதவில்லை. ஆனால் எண் காட்டிய இடத்தில் கறையான் புற்று இருந்தால் மூன்று தப்படி நகர்ந்துகொள்வேன். மொட்டையாக இருந்தால், இதை அறுத்து எதற்கு என்று இரண்டு தப்படி தள்ளி முளைக்குச்சி அடிப்பேன். அது தப்பு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"புத்து இருக்கற எடத்துலயும் வெதச்சிருக்கான் இல்ல? அது அவன் நெலம் இல்லயா?" என்றார். கண்ணாடித் துடைப்பு நின்றது. அவ்வளவுதான் விசாரணை. அன்றிலிருந்து எண் சொன்ன இடத்தில் முள் இருந்தாலும் முள்ளோடு சேர்த்துக் கயிறு கட்டினேன்.

அந்தக் குணம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சந்தையில் தக்காளிக் குவியலின் மேலே இருப்பதைத் தொட மாட்டேன், கையை அடியில் விட்டு எடுப்பேன். வேங்கிக்காலில் வீடு கட்டியபோது ஒவ்வொரு அறைக்கும் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். ஒரு அறையில் இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகவில்லை. கொத்தனார், "மூலமட்டம் வச்சிதான் கட்டினேன் சார், சுவரு இன்னா ஓடியா போச்சு?" என்றார். சுவரைப் பிரித்தோம். அவர் பிறகு என் தெருவில் வேலையே ஒத்துக்கொள்ளவில்லை. என் மனைவி அம்சா, "உங்கள பாத்தா தக்காளிக்காரன் கூடைய மூடுறான், கொத்தனாரு ஊர மாத்துறான்" என்பாள். ரமணாசிரமம் பக்கம் காபி குடிக்கப் போனாலும் நடக்கும்போது தப்படி எண்ணுவேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

இனி அந்த வருடம். மானாவாரி மல்லாட்டை. விதைத்த பிறகு மழை ஏமாற்றிவிட்டது. செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊர், பெயர் வேண்டாம். நான்கு கட்டங்களில் மூன்றை முடித்திருந்தேன். மூன்றிலும் தனித்தனியாக ஒரு கிலோ காய் தேறவில்லை. செடியைப் பிடுங்கினால் வேரோடு மண்தான் வந்தது. ஊர்க்காரர்களுக்குக் கணக்கு தெரியும். நான்காவதும் இப்படியே வந்தால் இழப்பீடு உறுதி என்று ஒரு சின்ன நிம்மதியோடு இருந்தார்கள்.

நான்காவது வயல் மல்லிகா என்பவருடையது. கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். மல்லிகா ஒற்றை ஆளாக மானாவாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் போன காலையில் ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றார்கள்.

முழுக்கக் காவி நிறத்தில் காய்ந்து கிடந்த நிலத்தில், வடமேற்கில் ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு கட்டில் போடலாம், அவ்வளவு அகலம். போன கோடையில் அங்கே எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்களாம். பக்கத்து நிலத்து போர் குழாயும் அந்தப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது.

வேலை முறை இதுதான். தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் தப்படியால் அளக்க வேண்டும். நீளம் எண்பத்து நான்கு, அகலம் நாற்பத்தாறு வந்தது. கட்டம் வரப்புக்கு வெளியே போய்விடாமல் இருக்க இரண்டிலும் ஏழு ஏழு கழிக்க வேண்டும். பிறகு சமவாய்ப்பு எண் புத்தகத்தைத் திறக்க வேண்டும். பக்கம் பக்கமாக வெறும் எண்கள்தான், யாரும் விரும்பி எழுதாத எண்கள். கழித்த மீதிக்குள் அடங்குகிற எண்களை எடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வாய்த்தவை முப்பத்தொன்றும் பன்னிரண்டும். முதல் எண் நீளத்துக்கு, இரண்டாம் எண் அகலத்துக்கு. நடந்து போய் நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்து, ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, குறுக்கே ஏழு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் வருகிறதா என்று பார்த்தால்தான் அது சதுரம். இல்லையென்றால் மூலை சரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடந்தேன். வடக்கே முப்பத்தொன்று, கிழக்கே பன்னிரண்டு. குச்சி பச்சைத் திட்டின் நடுவில் இறங்கியது.

வரப்பிலிருந்து ஊர் முக்கியஸ்தர் ஒருவர் இறங்கி வந்தார்.

"சார், இருபது அடி இந்தாண்ட வச்சிக்கோங்க. நீங்களே பாக்குறீங்க இல்ல, நெலம் பூரா எப்டி கெடக்குதுன்னு."

"நம்பர் இங்கதாங்க காட்டுது."

"நம்பருக்கு கண்ணு இருக்குதா சார்? உங்களுக்கு இருக்குதில்ல?"

அவர் கேட்டது நியாயம். நிலம் காய்ந்தது உண்மை. காய்ந்த இடத்தை அறுத்தால் உண்மைதான் கிடைக்கும். ஆனால் எண் சொல்லாத இடத்தை அறுத்தால், அது நான் முன்பே முடிவு செய்துகொண்ட உண்மை ஆகிவிடும். மல்லிகாவைப் பார்த்தேன். அவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "பாத்து செய்யுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் நகரவில்லை. குறுக்களவு கச்சிதமாக வந்தது. பிடுங்கி, உதறி, காய் ஆய்ந்து, தொங்கு தராசில் மாட்டினேன். ஏழரைக் கிலோ. சராசரி கோட்டுக்கு ஒரு நூல் மேலே போய்விட்டது. மனசு கனத்தாலும் சரியாகச் செய்தோம் என்ற ஒரு மிதப்போடு பஸ் ஏறினேன். அந்த மிதப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் படிவத்தைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். நிலத்தின் வரைபடம் போட்டுக் கட்டத்தைக் குறிக்க வேண்டும். பென்சிலால் நீளப் பக்கத்தை வரைந்தேன். அது கிழக்கு மேற்காக ஓடியது. முதல் எண் நீளத்துக்கு. அப்படியானால் முப்பத்தொன்று கிழக்கே போயிருக்க வேண்டும், பன்னிரண்டுதான் வடக்கே.

நான் மாற்றி நடந்திருந்தேன். எனக்கு வரும் நிலங்களில் பெரும்பாலானவை தெற்கு வடக்காக நீண்டவை. முதல் எண்ணைப் பார்த்ததும் கால் தானாக வடக்கே திரும்பப் பழகிவிட்டது. சரியாக நடந்திருந்தால் குச்சி நிலத்தின் காய்ந்த பாகத்தில் இறங்கியிருக்கும். படிவத்தைத் தூக்கிக்கொண்டு தணிகாசலம் அறைக்கு ஓடினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்தி நடக்கறப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். சத்தியமா."

"அங்க பச்சையா இருக்குன்னு பாத்து போனியா?"

"இல்ல சார்."

"அப்ப நீ எங்க எடத்த தேர்ந்தெடுத்த? இதுவும் குலுக்கல் மாதிரிதான போச்சு?"

"ஆனா சார், தப்பு தப்புதான? மறுபடி போய் அறுக்கலாம்."

"அந்தம்மா நெலம் பூரா புடுங்கி முடிச்சிருப்பாங்க. இனிமே அறுக்க ஒண்ணும் இல்ல. இந்த சோதனைய தள்ளுபடி பண்ணலாம். மீதி மூணு மட்டும் நிக்கும், ஊருக்கு கெடைக்கும்." துடைத்துக்கொண்டே இருந்தார். "காஞ்ச எடத்துல விழுந்திருந்தா இந்தப் படத்த ரெண்டாந்தரம் பாத்திருப்பியா?"

பார்த்திருக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

"இந்தப் பருவத்துல நீ செஞ்ச எல்லாத்தையும் எடுத்து பாரு. அப்புறம் வா" என்றார்.

மதியம் முழுக்கப் பார்த்தேன். கிழக்கு மேற்காக நீண்ட நிலங்கள் ஆறு. நான்கில் சரியாக நடந்திருந்தேன். ஒன்று மல்லிகாவுடையது. ஆறாவது, போளூர் பக்கத்தில் ஒரு ஊர். அங்கும் மாற்றி நடந்திருந்தேன். அங்கே கட்டம் புளியமர நிழலில் விழுந்து, ஒன்றுமே விளையாமல் அரைக் கிலோ வந்தது. அந்த அரைக் கிலோவால்தான் அந்த ஊர்ச் சராசரி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்களுக்கு இழப்பீடு வரப்போகிறது.

இரண்டு படிவத்தையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டையும் அருகருகே நகர்த்தினார்.

"தள்ளுபடி பண்ணா ரெண்டையும் பண்ணு. விட்டா ரெண்டையும் விடு. ஒண்ண மட்டும் எடுத்தினா, அது கணக்கு இல்ல, உன் ஆசை. எழுதறது நீ, எழுதினதுல நான் கையெழுத்து போடறேன்."

தள்ளுபடி செய்தால் மல்லிகா ஊருக்குக் கிடைக்கும், போளூர் பக்கத்து ஊருக்குக் கிடைக்காமல் போய்விடும். விட்டால் நேர்மாறு. அந்த ஊரிலும் எனக்கு மோர் கொடுத்தார்கள், அங்கும் வெயிலில் நின்றார்கள். இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இரண்டையும் அப்படியே விட்டேன். கணக்குப் போட்டு எடுத்த முடிவா, என் தப்பு வெளியே தெரியாமல் போகும் என்று எடுத்த முடிவா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

தணிகாசலம் சொன்னதிலேயே ஒரு ஓட்டை இருப்பதாகப் பிறகு தோன்றியது. கிழக்கு மேற்காக நீண்ட நிலத்தில் எண்ணை மாற்றி நடந்தால், கட்டம் நிலத்தின் கிழக்குக் கோடிக்குப் போகவே போகாது, அகலத்துக்கான சின்ன எண் அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. அப்படியானால் அது முழுக் குலுக்கல் இல்லையே? தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தேன். ஓட்டை இருப்பது நிச்சயம். ஆனால் அதை வைத்து யாருக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. அதற்குள் அறிக்கை போய்விட்டது.

சில மாதம் கழித்து, மனு கொடுக்கும் திங்கட்கிழமை. எங்கள் அலுவலகம் இருந்த ஆட்சியர் வளாகத்தில் கூட்டம் நெரிந்தது. மல்லிகா என் மேசையைத் தேடி வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"மனு குடுக்க வந்தீங்களாம்மா?"

"இல்ல சார். உங்களதான் பாக்க வந்தேன். ஊர்ல என்கிட்ட யாரும் பேசறதில்ல சார். உன் நெலத்தாலதான் ஊருக்கே போச்சுன்றாங்க. நான்தான் உங்கள பச்சை பக்கம் இட்டுட்டு போய் காட்டினேனாம். தண்ணி புடிக்கப் போனா கொடத்த நவுத்தி வைக்கிறாங்க."

"நீங்க ஒண்ணும் காட்டலியேம்மா."

"அதத்தான் சார் சொல்றேன். அவரு பொஸ்தகத்த பாத்து நம்பர் எடுத்தாரு, நேரா நடந்தாரு, ஒரு அடி கூட தப்பலன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் பண்றேன். யாரும் நம்பல."

ஒரு அடிகூடத் தப்பவில்லை என்று அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன். ஒரு தாளில் அவர் நிலத்தைப் போட்டுக் காட்டினேன். கிழக்கே போக வேண்டிய எண்ணை வடக்கே நடந்துவிட்டேன் என்று சொன்னேன். போளூர் பக்கத்து ஊரையும் சொன்னேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரியா போயிருந்தா எங்க சார் விழுந்திருக்கும்?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"காஞ்ச எடம்" என்றார்.

"ஆமாம்மா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இத ஊர்ல வந்து சொல்லுங்க சார். காசு போனது போகட்டும். நான் காட்டலன்னு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஊட்லதான் இருப்பாங்க."

"வரேன்மா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நான்தான் தப்பு செய்தேன் என்றால், அப்படியானால் திருத்து என்பார்கள். திருத்தினால் இன்னொரு ஊருக்குக் கிடைக்காமல் போகும். அதைச் சொன்னால், அவர்களுக்காக எங்களை ஏன் விட்டாய் என்பார்கள். எப்படித் தொடங்கினாலும் பதில் இல்லாத இடத்தில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். செங்கம் பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை. மல்லிகா அன்று எத்தனை பேரை உட்காரவைத்துக் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கு அதே எண் புத்தகத்தால் ஊர்களைக் குலுக்கி எடுத்தபோது அதே ஊர் மறுபடி என் பட்டியலில் வந்தது. வேறொருவருக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் முழங்கால் வலி என்று போட்டேன். தணிகாசலம் என்னைத் திருத்திய பிறகு, எண் சொன்ன இடத்துக்குப் போகமாட்டேன் என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.